அபுல் ஹஸன் சேர் எழுதிய யாப்பு

எனக்கு அபுல் ஹஸன் சேரைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் பிறகு யாராவது வந்து, "டீச்சர், நீங்க ஒரு பக்கமாக் கதைக்கிறீங்க" என்று என்னிடம் குறைப்படுவார்கள். ஓம், ஒரு பக்கமாகத்தான் கதைக்கிறேன். மற்றப் பக்கத்தை அவரே மைக் பிடித்துக் காலமெல்லாம் கதைத்துக்கொண்டிருக்கிறார். அதற்கு என் உதவி தேவையில்லை.

நானும் அவரும் ஒரே பாடசாலையில் படிப்பிக்கிறோம். நான் கணிதம், அவர் குடியுரிமைக் கல்வி. கல்முனையை ஒட்டிய எங்கள் ஊரில் அவருக்கு 'ஜனநாயகம் சேர்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. வைத்தவர்கள் நக்கலாகத்தான் வைத்தார்கள். மனிதர் அதைச் சனாதிபதி விருது மாதிரி நெஞ்சில் குத்திக்கொண்டு திரிகிறார்.

அவருடைய வகுப்பு என் வகுப்புக்கு அடுத்தது. இடையில் ஒரு பலகைத் தட்டிதான். ஆகவே ஜனநாயகம் எனக்கும் பாடம். ஜனநாயகத்தின் பண்புகள் ஐந்து. ஐந்தையும் பிள்ளைகள் ஒரே குரலில் ஒப்புவிக்க வேண்டும், வரிசை மாறினால் மறுபடி முதலிலிருந்து. ஒருமுறை ஒரு பிள்ளை ஆறாவதாக, 'ஆட்சி செய்கிறவரிடம் கேள்வி கேட்கலாம்' என்று எழுதிவிட்டாள். சேர் அதைச் சிவப்புப் பேனையால் வெட்டி, 'புத்தகத்தில் இல்லை' என்று பக்கத்தில் எழுதினார். வகுப்புத் தலைவரைத் தெரிவுசெய்வதும் அவரேதான். "வாக்கெடுப்பு வெச்சா வகுப்புக் குழம்பும்" என்பார். சிரிக்காமல் சொல்வார், அதுதான் பெரிய விசயம்.

செயலமர்வு என்றால் போதும், அவருக்குத் தடிமன் காய்ச்சலெல்லாம் பறந்துவிடும். கொழும்பிலிருந்து யாராவது ஒரு நிறுவனத்தார் வந்து ஹோட்டல் ஒன்றில் 'நல்லாட்சி' பற்றிக் கூட்டம் வைத்தால், முன்வரிசையில் டை கட்டி உட்கார்ந்திருப்பார். வெளிப்படைத்தன்மை, பொறுப்புக்கூறல், பெண்களின் பங்கேற்பு என்று அங்கே பொறுக்கிய சொற்களை அடுத்த நாள் ஆசிரியர் அறையில் எங்கள் மேல் கொட்டுவார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவர் அந்தச் சுரைக்காயை வைத்து விருந்தே போடுகிறவர்.

ஆள் நிந்தவூர். எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே பெண் புருசன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண்ணைப் பெற்றவர்கள் வயலை விற்றாவது, வாயைக் கட்டியாவது ஒரு வீட்டைக் கட்டி மகளின் பெயரில் உறுதிப் பத்திரம் எழுதுவார்கள். அப்படித்தான் முகைதீன்பாவா ஹாஜியார் தன் மகள் நபீலாவுக்கு ஒரு கல்வீடு கட்டினார். அபுல் ஹஸன் சேர் ஒரு சூட்கேசோடு வந்து அதில் குடியேறினார். வந்த கையோடு 'என்ட வீடு' என்று சொல்லத் தொடங்கினார். அதில் அவரை மட்டும் குற்றம் சொல்ல ஏலாது. இந்த ஊரில் எல்லா ஆம்பிளைகளும் அப்படித்தான் சொல்கிறார்கள், நாங்களும் கேட்டுக்கொண்டு சோறு போடுகிறோம்.

மூத்தவர் என்பதால் நான் ராத்தா என்று கூப்பிடுகிற நபீலா அதிகம் கதைக்கமாட்டார். சேர் கதைக்கிற வீட்டில் இன்னொருவர் கதைக்க நேரம் எங்கே இருக்கிறது.

அவர்களுடைய வீட்டு வளவின் எல்லையில் ஒரு பின்மதில்; மதிலுக்கு அந்தப் பக்கம் ஹுஸ்னியா ராத்தாவின் வீடு. ஹுஸ்னியாவின் புருசன் காலிதீன் காக்கா மாவடிப்பள்ளிப் பக்கம் வயல் செய்தவர். போன பெரும்போகத்தில் வரம்பிலேயே விழுந்தார். பாரிசவாதம். வலக்கை, வலக்கால் இரண்டும் போயிற்று, பேச்சும் பாதிதான். கிழமைக்குக் கிழமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பள்ளிவாசல் ஓரமாகப் பெரிய வீதியிலிருந்து வருகிற ஒழுங்கையால் ஓட்டோ வாசற்படி வரை வரும். அவரை இரண்டு பேர் தாங்கி ஏற்றிவிடுவார்கள். அந்த வீட்டுக்கு வேறு வழி இல்லை.

ஒழுங்கை பள்ளிவாசலுக்குச் சொந்தமான காணி. பழைய நிருவாகத்தார் அதன் வாயில் கடைத்தொகுதி ஒன்று கட்டப் போவதாகச் சொன்னார்கள். பள்ளிக்கு வருமானமாம். கட்டுகிற ஒப்பந்தம் றிம்சானுக்கு. இந்த றிம்சான் வேறு யாருமில்லை, காலிதீன் காக்காவின் கூடப்பிறந்த தம்பி.

ஹுஸ்னியா ராத்தா போய்க் கேட்டார். "நடந்து போக வழி விடுவோம் மதினி" என்றானாம். நடக்க ஏலாத மனிதனின் பெண்டாட்டியிடம் சொன்ன பதில் அது.

இளந்தாரிகள் சிலர் இதைப் பிடித்துக்கொண்டார்கள். ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளி முற்றத்தில் சத்தம் போட்டார்கள். அதுவரை எங்கள் பள்ளியில் தேர்தல் என்ற பேச்சே கிடையாது. குடிக்கு ஒரு மரைக்கார் நிருவாகத்தில் இருப்பார், அவர் மௌத்தானால் அந்தக் குடும்பத்தில் இன்னொருவர், அவ்வளவுதான். இனி அது சரிவராது, வாக்கெடுப்பு வைத்து நிருவாகத்தைத் தெரியுங்கள், கடை வேணுமா ஒழுங்கை வேணுமா என்று ஊர் சொல்லட்டும் என்று பொடியன்மார் ஒற்றைக்காலில் நின்றார்கள். பெரியவர்களும் வேறு வழியின்றி ஒத்துக்கொண்டார்கள். தேர்தல் என்றால் யாப்பு வேண்டும், அதாவது எழுதிவைத்த விதிகள். யாப்பு எழுத யார் இருக்கிறார்? ஜனநாயகம் சேர் இருக்கிறாரே.

அந்தக் கிழமை முழுக்க மனிதரின் கால் நிலத்தில் படவில்லை. ஆசிரியர் அறையில் யாப்பு, கன்டீனில் யாப்பு, கைகழுவுகிற இடத்திலும் யாப்பு. கடை வேணும் என்ற பக்கத்து ஆட்கள் இதற்குள் அவருக்குச் செயலாளர் பதவி தருவதாகக் காதில் ஓதிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவருக்கு ஒரே கவலை, அந்தப் பொடியன்மாரை எப்படிக் கழிப்பது என்பதுதான். எல்லாரும் இன்னும் தகப்பன் தாய் வீட்டில் சோறு தின்கிறவர்கள். ஆகவே ஒரு வசனம் எழுதினார். வெள்ளிக்கிழமை ஒலிபெருக்கியில் அவரே அதை வாசித்தார், நாங்கள் குசினிக்குள் நின்று கேட்டோம்.

"ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாக்கு. வீட்டின் சட்டபூர்வ உரிமையாளரே வாக்காளர் ஆவார்."

இதில் உள்ள அநியாயத்தைப் பாருங்கள். சொத்துள்ளவனுக்கே வாக்கு என்று இருந்த காலத்தை அவர் வகுப்பில் படிப்பிக்கிறார். அது எவ்வளவு பிழை, ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தொன்றில் சர்வசன வாக்குரிமை வந்து அதை எப்படி ஒழித்தது என்று தட்டிக்கு அந்தப் பக்கம் வருசா வருசம் முழங்குகிறார். நோய் என்று படிப்பித்ததையே மருந்தென்று ஊருக்குக் கலக்கிக் கொடுத்திருக்கிறார், வெட்கமில்லாமல். பள்ளிக்குள் இருந்த ஆம்பிளைகள் அத்தனை பேரும் கையுயர்த்தினார்கள். யாப்பு நிறைவேறியது.

கொஞ்ச நேரத்தில் ஹுஸ்னியா ராத்தா மீன் கழுவிய கையோடு என் வீட்டுக்கு ஓடி வந்தார்.

"டீச்சர், வீட்டுச் சொந்தக்காரருக்குத்தான் வோட்டாம். கேட்டீங்களா?"

"கேட்டன் ராத்தா."

"என்ட உறுதியில என்ட பேருதான் கிடக்கு. உங்கட உறுதியில யார்ட பேரு?"

எனக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பிடிபட்டதும் சிரிப்பை அடக்க முடியாமல் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். ஊரில் யாருடைய உறுதியில் ஆம்பிளையின் பெயர் இருக்கிறது? படித்த மனிதர், பீ.ஏ. பட்டதாரி, பெண்டாட்டி வீட்டில் இருந்துகொண்டு, பெண்டாட்டி ஊற்றித் தந்த பிளேன்டீயைக் குடித்துக்கொண்டு எழுதியிருக்கிறார். கையுயர்த்தியவர்களில் ஒருவருக்காவது அது மண்டையில் தட்டவில்லை. அவர்கள் 'என்ட வீடு' என்று சொல்லிச் சொல்லி அதை உறுதியாகவே நம்பிவிட்டார்கள்.

வாக்காளர் பதிவு மதரசா மண்டபத்தில் நடந்தது. ஆம்பிளைகள் உறுதிகளை ஷொப்பிங் பேக்கில் சுற்றிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். முதலாவது புடவைக்கடை ஜுனைட் ஹாஜியார். சேர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

"சித்தி ஹாஜரா... இது யாரு ஹாஜியார்?"

"என்ட பொஞ்சாதி."

"வீட்டுச் சொந்தக்காரர் நீங்கதானே?"

"ஓம், நான்தான்."

"உறுதியில அவங்கட பேரு கிடக்கே."

"பேரு கிடந்தா என்ன சேர், வீடு என்டதானே."

அடுத்தவருக்கும் அதே கதை. அதற்கடுத்தவருக்கும் அதே. ஒருவரின் உறுதியில் மாமியின் பெயர், இன்னொருவரின் உறுதியில் பெண்டாட்டியின் உம்மும்மாவின் பெயர். கடைசியில் ஒரேயொரு மனிதருக்குச் சொந்தப் பெயரில் வீடு இருந்தது. அவரும், "மகள் பேருல எழுதப்போறன் சேர், கலியாணத்துக்கு ரெண்டு மாசந்தான் இரிக்கி, கெதியா எலெக்சன வைங்க" என்றார். சேரின் முகத்தில் வியர்வை ஓடியதை நான் மண்டப வாசலில் நின்று ஆசை தீரப் பார்த்தேன். அல்லாஹ் எனக்கு அந்த நாளை வைத்திருந்தான்.

பிறகு நாங்கள் உள்ளே போனோம். ஹுஸ்னியா ராத்தா முன்னால், பின்னால் நான், எனக்குப் பின்னால் பெண்கள் வரிசை வீதி வரைக்கும் நின்றது.

"பதியுங்க சேர்" என்று ஹுஸ்னியா உறுதியை மேசையில் வைத்தார்.

"வீட்ட போங்க ஹுஸ்னியா. இதுக்கு நிருவாகம் ஒரு முடிவு எடுக்கணும்."

"முடிவத்தானே நீங்க எழுதி மைக்குல வாசிச்ச."

"அதுட நோக்கம் வேற. உங்களுக்கு வெளங்காது."

"ஏன் வெளங்காது? என்ட மகள் உங்கட பாடத்தத்தானே ராவும் பகலும் பாடமாக்குறாள். சர்வசன வாக்குரிமை எண்டா ஆண் பெண் எல்லாருக்கும் எண்டுதானே போட்டிரிக்கி?"

"அது நாட்டுக்கு. இது பள்ளி" என்றார் சேர். அப்போதுதான் வரிசையில் அபாயாவுக்குள் உறுதியை அணைத்துக்கொண்டு நின்ற தன் பெண்டாட்டியைக் கண்டார். "நீ என்னத்துக்கு வந்த?"

"சொந்தக்காரர் உறுதியோட வரணும் எண்டு நீங்கதானே வாசிச்ச" என்றார் நபீலா ராத்தா. மெதுவாகத்தான் சொன்னார். மண்டபமே கேட்டது.

சேர் பதிவை நிறுத்திவிட்டார். தொழில்நுட்பக் காரணமாம். அடுத்த நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு ஆம்பிளைகள் கூடி யாப்பைத் திருத்தினார்கள். திருத்தமும் அவர் கைவண்ணம்தான். உரிமையாளர் பெண்ணாயின் அவ்வாக்கை அவரின் கணவர் அளிப்பார். கணவர் நோயாளியாகவோ வெளிநாட்டிலோ இருப்பின் கணவரின் நெருங்கிய ஆண் உறவினர் அளிப்பார். எவ்வளவு அழகான தமிழ்! என் புருசன் கட்டாரில் வேலை செய்கிறார். ஆகவே என் வாப்பா எனக்கென்று கட்டிய வீட்டின் வாக்கு, வாசலைக்கூட மிதிக்காத என் புருசனின் தம்பிக்குப் போனது. அதை நான் பொறுத்துக்கொள்வேன். ஹுஸ்னியா ராத்தாவின் கதையைப் பாருங்கள். காலிதீன் காக்கா நோயாளி. அவருடைய நெருங்கிய ஆண் உறவினர் றிம்சான். ஹுஸ்னியாவின் வீட்டு வாக்கு, ஹுஸ்னியாவின் வழியை அடைக்கப் போகிறவனின் கையில்.

அவர் பாடசாலைக்கே வந்துவிட்டார். இடைவேளை நேரம். ஆசிரியர் அறை வாசலில் நின்று கேட்டதை நான் மறக்கமாட்டேன்.

"சேர், எனக்கு வோட்டுத் தர வேணாம். நான் அதக் கேட்டு வரல்ல. என்ட வீட்ட கணக்கிலயே எடுக்காதீங்க. வோட்டே இல்லாம விட்டுடுங்க. றிம்சான்ட கையில மட்டும் குடுக்காதீங்க, அல்லாஹ்வுக்காக."

சேர் வாயிலிருந்த பற்றிஸை விழுங்கிவிட்டுச் சொன்னார், "அப்படிச் செய்ய ஏலாது ஹுஸ்னியா. ஒரு வாக்க வீணாக்குறது ஜனநாயக விரோதம்."

ஹுஸ்னியா ராத்தா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனார். என் வாயில் வந்ததை அங்கேயே சொல்லியிருந்தால் பாடசாலை அதிபர் என்னை வேலையை விட்டே அனுப்பியிருப்பார். பெரியநீலாவணையிலிருந்து வருகிற சிவரூபினி டீச்சர்தான் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, சேருக்குக் கேட்கும்படியே சொன்னார், "எங்கட ஆக்கள் இதுக்கு ஒண்டு சொல்லுவாங்க. படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில்." சேர், "நல்ல பழமொழி" என்று சொல்லிப் பற்றிஸை முடித்தார். இந்தத் தோலுக்கு எந்த ஊசி இறங்கும்?

தேர்தல் நடந்தது. கடைப் பக்கம் வென்றது. வெல்லாமல் எப்படி இருக்கும்? வாக்குகள் எங்களுடையவை, கைகள் அவர்களுடையவை. நபீலா ராத்தாவின் வீட்டு வாக்கைச் சேரே போட்டார், கடைக்கு. அடுத்த நாள் பாடசாலைக்கு லட்டுப் பெட்டியோடு வந்து, 'அமைதியானதும் நீதியானதுமான' தேர்தல் என்று எல்லாருக்கும் நீட்டினார். சிவரூபினி டீச்சர் தனக்குச் சீனி வருத்தம் என்றார். எனக்கு எந்த வருத்தமும் இல்லை, உங்கள் லட்டு வேண்டாம் என்றேன்.

கடைகள் ஒரு போகத்துக்குள் எழும்பின. சொன்ன சொல் தவறாமல் நடக்க வழி விட்டிருந்தார்கள், ஓர் ஆள் பக்கவாட்டில் போகலாம். முதலாவது கிளினிக் நாளில் காலிதீன் காக்காவைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி நாலு பேர் தூக்கினார்கள். அந்த இடுக்கில் கதிரை சிக்கியது. சரித்து எடுத்தபோது அவருடைய உணர்வில்லாத கை பூசாத சுவரில் உரசி, முழங்கை வரை தோல் வழன்றது. அவருக்கு நோவு தெரியவில்லை. ஓட்டோவில் ஏற்றி, சாரமெல்லாம் இரத்தமாய்க் கிடந்ததைக் கண்ட பிறகுதான் ஹுஸ்னியா ராத்தா குழறினார். அந்தக் குழறல் பின்மதிலுக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்க வேண்டும். பின்னேரம் நபீலா ராத்தா வந்து காயத்தைப் பார்த்தார். பார்த்த கையோடு திரும்பிப் போய்விட்டார். எனக்கு அவர் மேலும் ஆத்திரம் வந்தது. புருசனுக்கேற்ற பெண்டாட்டி என்று நினைத்தேன்.

அடுத்த கிளினிக் நாள் காலையில் பாடசாலை விடுமுறை. சேர் வீட்டுப் பின்வளவுப் பக்கம் தடார் புடாரென்று சத்தம் கேட்டு ஓடினேன். நபீலா ராத்தா தன் பின்மதிலுக்குப் பக்கத்தில் நிற்கிறார், மேசன் சம்மட்டியால் இடிக்கிறான். ஓட்டோ நுழையும் அளவுக்கு மதில் விழுந்திருந்தது. கல்லை ஒதுக்கி, பலகை போட்டதும், முன்கேற்றால் வந்திருந்த ஓட்டோ அந்த வழியால் போய்க் காலிதீன் காக்காவை ஏற்றிக்கொண்டு திரும்பி நபீலா ராத்தாவின் வளவுக்குள் வந்து, மறுபடி மூடிக் கிடந்த முன்கேற்றுக்கு முன்னால் நின்றது. ஹுஸ்னியா ராத்தா ஓட்டோவுக்குள் இருந்து நபீலாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துச் சேர் பள்ளி நிருவாகக் கூட்டம் முடிந்து பைலோடு வந்தார். கேற்றின் சின்னக் கதவால் உள்ளே வந்தவர் ஓட்டோவைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார், புழுதியைப் பார்த்தார்.

"யாரக் கேட்டு இடிச்ச?"

நபீலா ராத்தா மேசனிடம், "அந்தப் பக்கத்து விளிம்ப நல்லாப் பூசிடுங்க தம்பி, ஆக்கள் உரசாம" என்றார்.

"கேக்கிறன், காது கேக்கல்லயா? நான் பள்ளிச் செயலாளர்! நிருவாகம் அடைச்ச வழிக்குச் செயலாளர்ட வளவுக்குள்ளால பாதையா? ஊர் என்ன கதைக்கும்? என்ட வீட்டில என்னக் கேக்காம..."

"என்ட வீட்டுப் பேருல நீங்க வோட்டுப் போட்டீங்க. என்னக் கேட்டா போட்டீங்க?" என்றார் நபீலா ராத்தா. குரலை உயர்த்தவே இல்லை. "அந்த மனிசன்ட கைத்தோல் போனதுக்கு என்ட வோட்டும் கணக்கு. அத நான் எந்த மூஞ்சோட அல்லாஹ்வுக்கிட்டச் சொல்லுவன்?"

"நபீலா, இது சட்டப்படி எடுத்த முடிவு..."

"வோட்ட நீங்களே வெச்சிக்கங்க. வளவு என்ட. கிளினிக்குக்கு நேரமாகுது, கேற்றத் திறங்க."

சேர் என்னைப் பார்த்தார். படித்தவள், ஒரு வார்த்தை தனக்குச் சார்பாகச் சொல்வேன் என்று நினைத்தாரோ என்னவோ. ஓட்டோக்காரப் பொடியன் ஹோர்ன் அடித்தான். சேர் கேற்றடிக்குப் போய் மேல் தாழ்ப்பாளை இழுத்தார். கீழ்த் தாழ்ப்பாள் இறுகிக் கிடந்தது. பைலை நிலத்தில் வைத்துவிட்டு, குனிந்து இரண்டு கையாலும் இழுத்துத்தான் அதைத் திறந்தார்.